நல்ல காலில் கொக்கி

“நான் தீர்த்தகிரி. வயசு இருபத்தெட்டு. சொந்த ஊரு சிங்காரப்பேட்டை. பொழப்பு கிருஷ்ணகிரி அணைக்கட்டு. இப்பக் கீறது பெங்களூரு பெரிய ஆஸ்பத்திரி, கொழந்தைங்க வார்டுக்கு வெளிய, கொய்யா மரத்தடி. எழுதிட்டியாண்ணா?”

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். கோவிந்தப்பன் என்று பேர். பெங்களூரிலேயே நூல் மில்லில் வேலை. தீர்த்தகிரியின் மகளுக்குப் பக்கத்துக் கட்டிலில் கை முறிந்து கிடக்கும் தன் மகளுக்குத் துணையாக இருந்தார். தமிழ் எழுதத் தெரிந்தவர் என்பதால் பாதி வார்டுக்கு அவர்தான் கை.

“மரத்தை எதுக்குய்யா எழுதச் சொல்றே? இது தபால் அட்டை, அணைக்கட்டு இல்ல. இத்தினியூண்டு எடம்தான் கீது. உன் சம்சாரத்துக்கு உன் பேரு தெரியாதா, வயசு தெரியாதா?”

“அவளுக்குத் தெரியும். யாரு படிச்சுக் காட்டுவாங்களோ, அவங்களுக்குத் தெரியணுமில்ல, யாரு பேசறதுன்னு.”

“சரி, மேல சொல்லு.”

தீர்த்தகிரி வாயைத் திறந்தான். கொய்யா மரத்தில் ஒரு அணில் கீழே வந்தது, மேலே போனது. சொல்ல வேண்டிய இடம் நெருங்கினால் அவன் நாக்கு வேறு பக்கம் ஓடிவிடும். தை மாதத்திலும் அப்படித்தான் ஓடியது. அதனால் வந்த வினைதான் எல்லாம்.

வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. தென்பெண்ணையை மறித்து அணை எழும்பிக்கொண்டிருந்தது. நாலு திசையிலிருந்தும் சனம் வந்து ஆற்றோரம் குடிசை போட்டது. ஒரு குடிசையில் தமிழ், அடுத்ததில் தெலுங்கு, அதற்கடுத்ததில் கன்னடம். சண்டை வந்தால் மூன்றும். விடிந்தால் கல் உடைக்கிற சத்தம். மாடு பூட்டிய செக்கில் சுண்ணாம்பு அரைபடும். அந்த வெள்ளைப் புழுதி காற்றில் ஏறி, ஆற்றுமேல் இருக்கும் பனியோடு கலந்து, ஆள்களெல்லாம் பாதி உடம்போடு நடப்பதுபோல இருக்கும். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் பார்த்தால் தன் மகள் ராஜாத்தியும் மற்ற பிள்ளைகள் மாதிரியே மிதந்து போவதாகத் தீர்த்தகிரிக்குத் தோன்றும். வெயில் ஏறிப் பனி கலைந்ததும் அவள் நடை தெரிந்துவிடும். ஒரு பக்கம் இறங்கி, ஒரு பக்கம் எழும்பி, ஓடம் மாதிரி.

இரண்டு வயசில் காய்ச்சல் வந்து இளம்பிள்ளை வாதமாக இறங்கிய கால் அது. இடது கால். சூம்பிப்போய், வலது காலைவிடக் கட்டையாக நின்றுவிட்டது. பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயசு. வலது கால் வளர வளர இடது கால் பின்தங்கிக்கொண்டே வந்தது.

தீர்த்தகிரிக்குக் கல் தூக்குகிற வேலை. பெரிய கல்லைச் சங்கிலியில் கட்டித் தடியில் கோத்து, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன் தோள்கொடுத்து, சரிவில் ஏற்றி மேலே கொத்தனிடம் சேர்க்க வேண்டும். தடிக்கு ஜோடி சேர்க்கும்போது உயரம் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். உயரம் ஒவ்வாவிட்டால் கல் குட்டைக்காரன் பக்கமே சறுக்கிக்கொண்டு வரும். தீர்த்தகிரியின் ஜோடி ஊருக்குப் போய்த் திரும்பாததால் கெலமங்கலத்து முனிராஜைச் சேர்த்துவிட்டார்கள். முனிராஜ் பனைமரம். தீர்த்தகிரி அவன் தோளுக்கு வருவான். முனிராஜ் முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, வாத்து மாதிரி நடந்து தடியைச் சமமாக வைத்துக்கொள்வான். வாய்மட்டும் சும்மா இருக்காது.

“உன்னோட சேர்ந்து நான் பாதி ஆளாயிட்டேன்டா. எம் பொண்டாட்டி ஊர்லருந்து வந்தா அடையாளம் தெரியாம உன் கையப் புடிச்சிக்கினு போயிடுவா.”

“புடிச்சிக்கினு போனா போவட்டும், கஞ்சி ஊத்துவாளா?”

“ஏமி ஆசைடா உனக்கு! நட, நட, கல்லு பாக்குது.”

பெங்களூர் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னவர் அணைக்கட்டு வைத்தியசாலைக் கம்பவுண்டர் நாராயணப்பன். தை மாதம், மூடுபனியில் ஓசூரைத் தாண்டிப் பஸ்ஸில் போனார்கள், தகப்பனும் மகளும் மட்டும். அவன் சம்சாரம் செல்வம்மாள் வயிற்றில் பிள்ளை, குலுங்கக் கூடாது.

அங்கே ஒரு டாக்டரம்மா ராஜாத்தியை நிற்க வைத்து, இடது காலடியில் மெல்லிசான மரப்பலகையை வைத்தாள். இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு பலகை. இன்னொன்று. பலகை ஏற ஏறப் பிள்ளையின் சாய்ந்த தோள் மெல்ல மேலே வந்தது, ஏதோ ஒரு கை உள்ளேயிருந்து தூக்குவதுபோல. கடைசியில் ராஜாத்தி நேராக நின்றாள். எதிரே ஜன்னல் கண்ணாடி. அதில் ஒரு பெண் இரண்டு தோளும் சமமாக நின்று இவளைப் பார்த்தாள். யாரோ என்று ராஜாத்தி முதலில் நினைத்துச் சிரித்தாள். அவளும் சிரித்தாள். தீர்த்தகிரி தலைப்பாகைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். டாக்டரம்மா பலகைகளை எடுத்ததும் கண்ணாடியிலிருந்த பெண் சாய்ந்து போய்விட்டாள்.

பிறகு டாக்டரம்மா பேசினாள். கன்னடம் அதிகம், தமிழ் கொஞ்சம். வலது முழங்காலைத் தட்டித் தட்டிப் பேசினாள்.

“அம்மா, அது நல்ல காலும்மா. கொறை இந்தப் பக்கம்.”

“தெரியும்ப்பா. நல்ல காலுக்குத்தான் ஆபரேஷன்.”

முழங்கால் ஓரமாக எலும்பு வளர்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். அங்கே இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இரும்புக் கொக்கி போட்டால் அந்தக் கால் வளர்வது நிற்குமாம். அதற்குள் இந்தக் கால் வந்து சேர்ந்துகொள்ளுமாம். பிள்ளை வளர்கிற வயசிலேயே செய்ய வேண்டுமாம். வளர்ந்து முடிந்தபிறகு கொக்கியால் பிரயோசனம் இல்லை. சூம்பின காலை இழுத்து நீட்ட முடியாதா என்று கேட்டான். எலும்பு பூஞ்சை, தாங்காது என்றாள். அதற்குமேல் அவள் சொன்னதெல்லாம் கன்னடம். தீர்த்தகிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு மறுபடி தமிழில், மாசிக் கடைசியில் வரச் சொன்னாள். பிள்ளை உடம்பு தேற வேண்டும், வயிற்றுப்பூச்சி போக வேண்டும், கக்கத்துக் கட்டை வைத்து நடக்கப் பழக வேண்டும். காலில் சொறி, சிரங்கு, புண் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் இடம் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

திரும்பி வந்த அன்று செல்வம்மாள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பை நிறுத்தாமலே கேட்டாள்.

“என்னா சொன்னாங்க?”

“காலுக்கு ஆபரேஷன். மாசிக் கடைசில வரச் சொன்னாங்க. நேரா நடப்பாளாம்.”

“எம்மாடி! நெசமாவா?”

துடுப்பு நின்றது. களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எந்தக் காலுக்கு என்று அவள் கேட்கவில்லை. நொண்டுகிற பிள்ளைக்குக் காலில் ஆபரேஷன் என்றால் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். தீர்த்தகிரி சொல்ல வாயெடுத்தான். “பஸ்ஸுல ஒரே பனி” என்றான்.

அதிலிருந்து மொத்தக் குடிசை வரிசையும் அந்த இடது காலைக் கையில் எடுத்துக்கொண்டது. பக்கத்துக் குடிசை நஞ்சம்மா ஓசூர்ப் பக்கத்துக்காரி, கன்னடத்துக்காரி, சாந்து சுமப்பவள். ராஜாத்தியைத் தூக்கி வளர்த்ததில் பாதிப் பங்கு அவளுக்கு. வேலை இல்லாத நாளில் பிள்ளையை ஆற்றுக்குத் தூக்கிப்போய், வெயிலில் சுட்ட மணலில் குழி பறித்து, இடது காலை இடுப்புவரைக்கும் புதைத்து வைப்பாள்.

“சூடு எறங்கணும் மகு, எங் கொழந்தே. எலும்பு முழிச்சிக்கணும். அசையாதே.”

“கால்ல எறும்பு கடிக்குது அத்தே.”

“எறும்பில்லடி, எலும்பு. முழிச்சிக்கினு கீது.”

செல்வம்மாள் நிறைமாதத்தை நெருங்கும் வயிற்றோடு முனியப்பன் கோயிலுக்கு நடந்தாள். மஞ்சள் துணியில் வேண்டுதலை முடிந்து பிள்ளையின் இடது கணுக்காலில் கட்டினாள். அந்த முடிச்சை வேண்டுதல் பலித்தபிறகு சாமி முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். நடுவில் அவிழ்த்தால் சாமியை நம்பவில்லை என்று அர்த்தம். கட்டிய காலைத் தரையில் ஊன்றவிடவில்லை அவள். “அந்தக் காலுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது பாப்பா. நல்ல கால்ல குதி.”

அதனால் ராஜாத்தி, கட்டை இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நல்ல காலில் குதித்தாள். கல் சல்லியில் குதித்தாள், சுண்ணாம்புச் செக்கைச் சுற்றிக் குதித்தாள், மாந்தோப்பு ஓரம் பூ உதிர்ந்த தரையில் குதித்தாள். அந்த மாசியில் மா அப்படிப் பூத்திருந்தது. மத்தியானக் காற்றில் பூ வாசனை வந்து, கல் தூக்குகிறவனுக்கே தூக்கம் சொக்கும். தீர்த்தகிரிக்குமட்டும் சொக்கவில்லை. சரிவில் ஏறும்போது கண் மகளைத் தேடும். அவள் குதிக்கிற ஒவ்வொரு குதிக்கும் அந்த வலது முழங்காலையே பார்ப்பான்.

சாயங்காலம் அவளைத் தொட்டி ஓரம் உட்கார வைத்துச் சோப்புப் போட்டுக் கழுவுவான். இடது காலை ஒரு தடவை. வலது காலை மறுபடி மறுபடி.

“நைனா, ஏன் எப்பவும் இந்தக் காலையே தேய்க்கறே?”

“இதுலதான் அழுக்கு கீது.”

ராஜாத்தி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தண்ணீரில் வானம் கிடந்தது. அதில் காலை விட்டுக் கலக்கினாள்.

புறப்பட இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அது நடந்தது. செக்குமாடு ஒன்று மூக்கணாங்கயிறு அறுத்துக்கொண்டு ஓட, பிள்ளைகள் சிதற, ராஜாத்தி குதித்த குதியில் கட்டை சல்லியில் வழுக்கி, வலது முழங்கால் அடிபட விழுந்தாள். தீர்த்தகிரி ஓடிவந்தபோது நஞ்சம்மா இலையை மென்று சுண்ணாம்போடு குழைத்துக் கையில் வைத்திருந்தாள்.

“தொடாதே! கைய எடு!”

நஞ்சம்மா பயந்து பின்னால் உட்கார்ந்துவிட்டாள். “அய்யோ சிவனே, என்னய்யா இப்டிக் கத்தறே? சிராய்ப்புதானே!”

“தண்ணி கொண்டா. கம்பவுண்டரக் கூப்பிடு, ஓடு!”

“உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?” என்றாள் செல்வம்மாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குடிசை வாசலில் நின்றபடி. “அந்தக் காலுக்கு ஒண்ணும் ஆவல. துணி கட்டின காலு அப்டியே கீது. அடிபட்டது நல்ல காலுய்யா!”

“நல்ல கால்லதான் கத்தி வெக்கறாங்க.”

சொல்லிவிட்டான். காற்று நின்றமாதிரி இருந்தது. தூரத்தில் கல் உடைக்கிற சத்தம்மட்டும் கேட்டது, வேறொரு ஊரில் கேட்பதுபோல.

“என்னா சொன்னே?”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். கம்பவுண்டர் வந்து முழங்காலைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுப் போட்டுவிட்டுப் போனார். நஞ்சம்மா கையிலிருந்த இலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, எதையோ முணுமுணுத்துக்கொண்டு தன் குடிசைக்குப் போனாள்.

பிறகு செல்வம்மாள் கேட்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

“எம் பொண்ணுக்குக் கீறதே ஒரு காலு. அதையும் அறுக்கறதுக்கு நீ தலையாட்டிட்டு வந்தியா?”

“அறுக்கறதில்லமே. கொக்கி போட்டு நிறுத்தறது.”

“எதை நிறுத்தறது? வளர்ற காலையா? ஒண்ணு குட்டைன்னா இன்னொண்ணையும் குட்டையாக்கறது என்னா வைத்தியம்? ஒரு கண்ணு தெரியலன்னா இன்னொண்ணைக் குத்திக்குவாங்களா?”

“அந்தம்மா படிச்சவங்க...”

“நீ கேட்டியா? கேட்டுத் தெரிஞ்சிக்கினு தலையாட்டினியா, பயந்துக்கினு ஆட்டினியா?”

அவனுக்கே அது தெரியாது. மூலையிலிருந்து ராஜாத்தி பேசினாள்.

“வெட்டமாட்டாங்கம்மா. அந்தக் காலு முன்னாடி போயிடுச்சு. கொஞ்சம் நில்லுன்னு சொல்றாங்க. முனிராஜ் மாமா நைனாவுக்காகக் குனிஞ்சு நடக்கறதில்ல? அப்டி.”

செல்வம்மாள் திரும்பினாள். “சாயங்காலம் தடிய எறக்கி வெச்சா உங்க மாமன் நிமுந்துக்குவான். உன் காலு நிமுருமாடி?”

“நிமுரும். ரெண்டும் சமமானதும் கொக்கியக் கழட்டிடுவாங்க. அப்புறம் ரெண்டும் ஒண்ணாவே வளரும். அந்தம்மா சொன்னாங்க.”

“எப்ப சொன்னாங்க?” என்றான் தீர்த்தகிரி.

“நீ தலையாட்டினியே, அப்ப. நைனாவுக்குக் கன்னடம் வராது. எனக்கு வரும். நஞ்சம்மா அத்தை பேசறதுதானே அது.”

“ஏன் பாப்பா இத்தினி நாளு சொல்லல?”

“நீ சொல்லல. நானும் சொல்லல.”

அன்றைக்குக் களியை யாரும் சரியாகத் தின்னவில்லை. “அவங்க கழட்டுவாங்கன்னு யாரு கண்டா” என்று படுக்கையை உதறிக்கொண்டே ஒரு தடவை சொன்னாள் செல்வம்மாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மஞ்சள் முடிச்சு இடது காலிலேயே இருந்தது.

மறுநாள் மத்தியானம் கஞ்சி கொண்டுவந்தது எப்போதும் வருகிற நஞ்சம்மா இல்லை, செல்வம்மாளே. சரிவுக்குக் கீழே புங்க மர நிழலில் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு நின்றாள். மேலே இரண்டு பேரும் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னால் அவள் புருஷன். முன்னால் முனிராஜ், முழங்கால் மடிந்து, முதுகு வளைந்து, அந்த உயரமான உடம்பைச் சுருட்டிக்கொண்டு. சங்கிலியில் கல் நடுவிலேயே தொங்கியது. ஒரு பக்கமும் போகவில்லை. வெயிலில் எல்லாம் நெளிந்தது. தடியும் கல்லும் இரண்டு ஆளும் ஒரே மிருகமாக மெதுவாக ஏறிப் போவதுபோல இருந்தது.

இறங்கி வந்த முனிராஜ் அவளைப் பார்த்தான்.

“என்னாம்மா தங்கச்சி, என்னையே பாத்துக்கினு நிக்கறே? கூன் விழுந்துடுச்சா?”

“முதுகு வலிக்காதாண்ணா?”

“வலிக்காம? ராத்திரி புரண்டு படுக்க முடியல. எல்லாம் உன் வூட்டுக்காரன் வளத்தி.”

“வேற ஆள ஜோடி சேத்துக்கறது?”

முனிராஜ் கஞ்சியை வாங்கி ஒரு மடக்கு குடித்தான். “சேத்துக்கலாம். இந்த ஆளை எவன் சேத்துப்பான்? கல்லு பூரா அவன் மேலயே வரும், நசுங்கிப் பூடுவான். கூலி ரெண்டு பேருக்கும் சேந்துதானே வருது. ஊறுகா கொண்டாந்தியா?”

அவ்வளவுதான் பேச்சு. அவள் மடியிலிருந்து ஊறுகாய்த் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முழங்கால் காய்ந்து பொருக்கு உதிர்ந்து, கீழே இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்தது. கம்பவுண்டர் தடவிப் பார்த்து, “போலாம்” என்றார். புறப்படுகிற காலையில் பனி தரையோடு கிடந்தது. செல்வம்மாள் வெந்நீர் வைத்துப் பிள்ளையைக் குளிப்பாட்டினாள். தலை வாரினாள். பிறகு கஷ்டப்பட்டுக் கீழே உட்கார்ந்து, இடது கணுக்காலில் இருந்த முடிச்சில் கை வைத்தாள்.

“செல்வம், அது சாமி முன்னாடிதான்...” என்றான் தீர்த்தகிரி.

“தெரியும். ஆஸ்பத்திரிக்காரங்க அறுத்து எறியறதுக்குப் பதிலா நானே அவுத்துடறேன்.”

முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். துணியை மடித்துத் தன் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டாள். வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து, கோபித்துக்கொண்டு போகிற பிள்ளையிடம் பேசுகிறமாதிரி பேசினாள்.

“நில்லுன்னா நிக்கணும். போவலாம்னா போவணும். தெரிதா?”

ராஜாத்தி சிரித்தாள். பஸ் வருகிற இடம்வரைக்கும் நஞ்சம்மா தூக்கிக்கொண்டு வந்தாள். செல்வம்மாள் வரவில்லை. பனியில் குடிசை வாசலில் நின்றாள். இடுப்புக்குக் கீழே தெரியவில்லை.

“என்னய்யா, மரத்தையே பாத்துக்கினு கீறே?” என்றார் கோவிந்தப்பன். “மை காயுது. சொல்லு.”

தீர்த்தகிரி மரத்திலிருந்து கண்ணை எடுத்தான்.

“செல்வத்துக்கு. நேத்திக்குக் காலையில உள்ள கொண்டுபோனாங்க. மத்தியானம் வெளிய கொண்டாந்தாங்க. நல்ல கால்ல தொடையிலருந்து கணுக்கால் வரைக்கும் கட்டுப் போட்டிருக்குது.”

“...போட்டிருக்குது. அப்புறம்?”

“பாப்பா கண்ணு முழிச்சா. என்னைப் பாத்து, ‘நைனா, நின்னுடுச்சா?’ன்னு கேட்டா. நின்னுடுச்சின்னேன். ‘இந்தக் கால வரச் சொல்லு’ன்னா. சொன்னேன். தூங்கிட்டா.”

கோவிந்தப்பன் தலை குனிந்து, எழுத்தைச் சின்னதாக்கி, ஒவ்வொரு வரியையும் விளிம்பு வரைக்கும் எழுதினார். வார்டுக்குள்ளிருந்து ஏதோ ஒரு குழந்தை கன்னடத்தில் கதை கேட்டது. இன்னொரு குரல் கன்னடத்திலேயே கதை சொல்லத் தொடங்கியது. அது ராஜாத்தியின் குரல்.

“எடம் கீதாண்ணா?”

“ரெண்டு வரிக்குக் கீது.”

“இது அவளுக்கில்ல. படிச்சுக் காட்டறவங்களுக்கு. எழுதிக்கோ. ஐயா, அம்மா, நீங்க யாரோ தெரியாது. எம் பொஞ்சாதி நெறமாசம். நல்ல கால்ல கட்டுன்னு வர்ற எடத்துல நிறுத்தி மூச்சு வாங்காதீங்க. பாப்பா பேசினதையும் சேத்து ஒரே மூச்சுல படிச்சிடுங்க.”